ஆச்சி வச்ச முழுநாள் பால்வாடி

பால்வாடி ஆயா வேலைங்கிறது, முப்பது மூக்கு ஒரே நேரத்துல ஒழுகுறப்ப ஒரே ஒரு முந்தானைய வச்சுக்கிட்டு நிக்கிற வேலை. புள்ளை வளத்தவுக, அடுத்தவுக புள்ளைய வளத்தவுக, ரெண்டும் முடியாம ஓடிப்போனவுக எல்லாருமே எனக்குச் சொந்தக்காரவுகதான். ஒங்ககிட்டச் சொல்லாம யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்?

ரேசன் அரிசிக்கு ஊரே வரிசையில நின்ன காலம் அது. காரைக்குடியில உமையாள் ஆச்சின்னு ஒரு பெரிய வீட்டுச் செட்டியாரம்மா. அவுகளுக்கு ஒட்டுனாப்புல ரெண்டு வீடு. ஒண்ணுல அவுக இருந்தாக, இன்னொண்ணுல வவ்வால் இருந்துச்சு. வவ்வாலு குடியிருக்கிறதுக்குப் பதிலா புள்ளைக இருந்தா தருமமாச்சேன்னு, அந்த வீட்டு முன் ஹாலுல முழுநாள் பால்வாடி வச்சாக. காலையில ஒம்பது மணிக்கு விட்டுட்டுப் போனா, சாயந்தரம் அஞ்சு மணிக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போகலாம். கொத்து வேலைக்குப் போறவ, வீட்டு வேலைக்குப் போறவ, வண்டியடிக்கிறவன், எல்லாரு வீட்டுப் புள்ளைகளும் அங்குட்டுத்தான்.

வேலைக்குச் சேந்த கதை

எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. எம்புருசன் லாரியில கிளீனரா போனாரு. லாரி திரும்பி வந்துருச்சு, அவரு வரல. கல்லலுக்கு அங்குட்டு இருக்கிற எங்க ஊருல ஒக்காந்து அழுதா யாரு சோறு போடுவா? பஸ் ஏறிட்டேன். இருபத்தாறு வயசுக்காரிய ஊரே ஆயான்னு கூப்புட ஆரம்பிச்சுச்சு. எங்காத்தா வயசுக்காரிக கூட, "ஆயா, எம்புள்ளைய எங்க?"ன்னு கேப்பாளுக. ஒரே நாளுல கெழவியானது இந்த ஊருலயே நான் ஒருத்திதான்.

சேக்குறப்ப ஆச்சி கேட்டாக, "படிச்சிருக்கியாடி?"

"ரெண்டாங்கிளாஸ்ல பாதி வரைக்கும் ஆச்சி."

"மிச்சப் பாதி என்னாச்சு?"

"வாத்தியாரு வேணாம்னுட்டாரு. நான் வாயத் தொறந்தா கிளாஸு சிரிக்குது, ஒண்ணு நீ நடத்து இல்ல என்னைய நடத்த விடுன்னாரு. பாவம், புள்ளகுட்டிக்காரரு, விட்டுக்குடுத்துட்டேன்."

ஆச்சி சிரிக்கல. பணக்காரவுக மொத நாளே சிரிச்சுட்டா வேலைக்காரவுக சம்பளத்தைக் கூட்டிக் கேப்பாகன்னு ஒரு பயம். இடுப்புச் சாவிக்கொத்தைத் தடவிக்கிட்டே சொன்னாக: "அப்பச் சரி, வந்து சேரு. ஏற்கெனவே ஒரு படிச்சவள வச்சுக்கிட்டு நான் படுற பாடே போதும்."

மூணு நிமிசம் முன்னாடி

அந்தப் படிச்சவுகதான் கமலா டீச்சர். திருச்சிப் பக்கம். புள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் குடுக்கணும்னு ட்ரெயினிங்கு முடிச்சவுக. நல்ல மனுசிதான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அவுகளுக்குத் தெரிஞ்சது பூரா புத்தகத்துல இருக்கிற புள்ளை. புத்தகத்துல இருக்கிற புள்ளை மூக்குச் சிந்தாது, கடிக்காது, பக்கத்துப் புள்ளை தலையில சோத்தைக் கொட்டாது.

அவுக வந்த ஒடனே செவுத்துல ஒரு டைம் டேபிள் ஒட்டுனாக. இன்ன நேரத்துக்குக் கைகூப்புறது, இன்ன நேரத்துக்குச் சிரிப்புப் பாட்டு, அது முடிஞ்சா அறிவு வளர்ச்சி, அதுக்கப்புறம் கை வேலை. சிரிப்புப் பாட்டு நேரத்துல பாதிப் புள்ளைக ஆத்தாளத் தேடி அழுகும். அழுதுக்கிட்டே கையைத் தட்டும். பாக்குறதுக்கு எழவு வீட்டுக்கு வந்த நாடகக்காரவுக மாதிரி இருக்கும். அழுகுறதுக்குன்னு டைம் டேபிள்ல ஒரு கட்டம் போட்டிருக்கலாம், போடல.

ஒண்ணுக்குப் போறதுக்குக் கட்டம் இருந்துச்சு. பத்தேகால் மணி. ஒரு நாள் மூக்கையான்னு ஒரு பய, அறிவு வளர்ச்சி நடக்குறப்ப காலைப் பின்னிக்கிட்டு நெளியிறான். நான் கூட்டிக்கிட்டுப் போகலாம்னு எந்திரிச்சேன். "இருங்க ஆயா, பழக்கம் வரணும்"னு டீச்சர் கடிகாரத்தைக் காட்டுனாக. பய கடிகாரத்தைப் பாத்தான், டீச்சரப் பாத்தான், என்னையப் பாத்தான். அப்புறம் ஆச்சி வீட்டு ஆத்தங்குடிக் கல்லு தரையில, சிவப்புப் பூ, பச்சைப் பூ, மஞ்சப் பூ எல்லாத்துக்கும் சமமாத் தண்ணி ஊத்திட்டான். நான் சாக்கோட ஓடுறேன். டீச்சர் கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, மனசொடைஞ்சு போயிச் சொன்னாக: "இன்னும் மூணு நிமிசம் இருக்கே ஆயா, அதுக்குள்ள போயிட்டானே!"

நமக்கு ஒதவுறவுக படம்

மெட்ராஸுலேருந்து படம் வந்துச்சு. வழுவழுன்னு தாளு, கீழயும் மேலயும் கட்டை வச்சது. நமக்கு ஒதவி செய்றவுகன்னு போட்டு டாக்டரு, தபால்காரரு, போலீஸ்காரருன்னு வரிசையா சிரிச்சுக்கிட்டு நிக்கிறாக. எங்கூருல அந்த மூணு பேருல யாரும் சிரிச்சு நான் பாத்ததில்ல. டீச்சர் குச்சிய வச்சுத் தொட்டு, "டாக்டர் நமக்கு என்ன செய்வார்?"னாக. முப்பது புள்ளையும் ஒண்ணா, "ஊசி குத்துவாரு!"ன்னுச்சு. அந்தக் குத்துவாருல ஒரு பழி இருந்துச்சு பாருங்க. நாலு புள்ளைக அந்த எடத்துலயே அழ ஆரம்பிச்சுருச்சு.

"தபால்காரர் என்ன கொண்டு வருவார்?" ராக்குன்னு ஒரு சின்னக் கழுதை எந்திரிச்சா. நாலு வயசு, முழங்கை மொகம் எல்லாம் சொறி, ஆனா கண்ணு மட்டும் வட்டிக்கடைக்காரன் கண்ணு, ஒண்ணையும் விடாது. "தந்தி கொண்டாருவாரு. தந்தி வந்தா ஆச்சி வீட்டுல பாயி விரிச்சு அழுவாக. எங்காத்தா எல்லாருக்கும் காப்பி ஊத்தும்"னா. டீச்சர் அவசரமா குச்சிய நகத்திட்டாக. "சரி, போலீஸ்காரர்? அவர் நமக்கு என்ன உதவி செய்வார்?"

வண்டிக்காரரு மகன் ஒருத்தன் மட்டும் யோசிச்சு, மரியாதையா எந்திரிச்சு நின்னு சொன்னான்: "எங்கப்பாவ அடிச்சுட்டு, வீட்டுக்குப் போன்னு விட்டுருவாரு."

மண்ணு இல்லாத மண்ணு வேலை

களிமண்ணுல பொம்மை செஞ்சா வெரல்ல பலம் வருமாம். டீச்சர் புத்தகத்துல இருக்கு. அந்தப் புள்ளைக வெரலுக்கு என்ன பலம் கொறைச்சல்னு எனக்குத் தெரியல. எங்கையக் கிள்ளுனா அன்னைக்குப் பூரா செவந்து கெடக்கும். இருந்தாலும் டீச்சர் சொல்லிட்டாகன்னு கம்மாயிலேருந்து ஒரு கூடை மண்ணை எடுத்தாந்து கொட்டுனேன். அரை மணி நேரத்துல மண்ணு கூடையத் தவிர மத்த எல்லா எடத்துலயும் இருந்துச்சு. தூணுல கை, தரையில காலு, ஒரு பய காதுக்குள்ள ஒரு யானைத் தும்பிக்கை.

அந்த நேரம் பாத்தா ஆச்சி வரணும்? வாசப்படியிலயே நின்னுட்டாக. "எங்க மாமனாரு ரங்கூன் பணத்துல போட்ட தரைடி இது!"ன்னு ஒரு சத்தம். டீச்சர் வெரல் பலத்தைப் பத்தி எடுத்துச் சொன்னாக. ஆச்சி பொறுமையாத்தான் கேட்டாக. படிப்பும் நடக்கணும், தரையும் கெடக் கூடாது. ரெண்டுக்கும் அவுகளே ஒரு வழி கண்டுபிடிச்சு, தெளிவாச் சொல்லிட்டுப் போனாக: "மண்ணு வேணாம். கையை மட்டும் ஆட்டச் சொல்லுங்க."

ஒறவுக்காரவுகளே, நான் பொய் சொல்லல. மறுநாளுலேருந்து தெனமும் பதினோரு மணிக்கு முப்பது புள்ளையும் ஒக்காந்து, வெறுங்கையில மண்ணைப் பெசஞ்சு, வெறுங்கையில உருட்டி, வெறுங்கையில யானை செஞ்சுச்சுக. கீரைக்காரி ஒருத்தி சன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, சத்தம் போடாம என்னையக் கூப்புட்டுக் கேட்டா: "ஏத்தா, எல்லாத்துக்குமா இப்படி? வைத்தியருகிட்டக் காட்டுனீகளா?"

கண்ணாடி அலமாரி

ஆச்சி கல்யாணத்துக்குச் சீரா வந்த சொப்புச் சாமான் ஒரு செட்டு இருந்துச்சு. அடுப்பு, பானை, அம்மி, ஒரலு, எல்லாம் வெரல் தண்டி. அழகுன்னா அழகு, எனக்கே ஒண்ணை இடுப்புல சொருகிக்கிட்டுப் போகலாம்போல இருக்கும். பால்வாடிப் புள்ளைக வெளையாடட்டும்னு ஆச்சி அதைத் தருமமாக் குடுத்தாக. ஊரு பூரா சொல்லி, நாலு பேரை வரச் சொல்லிக் குடுத்தாக. குடுத்த கையோட கண்ணாடி அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டி, சாவிய இடுப்புல முடிஞ்சுக்கிட்டாக. "ஒடைச்சுருச்சுகன்னா?"

டீச்சர் என்ன செய்வாக, பாவம்? டைம் டேபிள்ல எழுதியாச்சே. அதனால சொப்பு வெளையாட்டு நேரத்துக்குப் புள்ளைகள வரிசையா நிக்க வச்சு, கையைப் பின்னால கட்டச் சொல்லி, அலமாரி முன்னால ஒவ்வொண்ணா நடக்க வச்சாக. பாத்துட்டு நகந்துரணும். அதான் வெளையாட்டு. ஒரு நாள் புதுசாச் சேந்த புள்ளை ஒண்ணு கையை நீட்டிக் கண்ணாடியத் தொட்டுருச்சு. ராக்கு பாஞ்சு போயி அதைப் பின்னால இழுத்து, கன்னத்துல போட்டுக்கிட்டுச் சொன்னா: "தொடாத! இது சாமி. பூசாரி சாவிய எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு."

தூக்கம்

மத்தியானம் அமெரிக்காவுலேருந்து கப்பல்ல வந்த மஞ்சச் சோள மாவுல உப்புமா. அதைத் தின்னா யானையும் தூங்கிரும். முப்பது புள்ளையும் வரிசையாப் பாயில கெடக்கும். முழுநாளுல எனக்குப் புடிச்ச பாடம் அது ஒண்ணுதான். புள்ளைகளுக்கும் அதுல மட்டுந்தான் நூத்துக்கு நூறு.

ஒரு நாள் மதுரையிலேருந்து ஒரு அம்மா ஜீப்புல வந்தாக. பால்வாடிகளப் பாத்துட்டுப் போறவுக. கூட ஆச்சி. உள்ள வந்தா முப்பது புள்ளையும் தூங்குது, டீச்சர் புத்தகத்தை நெஞ்சுல வச்சுக்கிட்டு வாயைத் தொறந்து தூங்குறாக, நான் தூணுல சாஞ்சு ஒக்காந்துக்கிட்டே தூங்குறேன். ஒக்காந்து தூங்குனா அது வேலைக் கணக்குல சேரும்னு நான் சொன்னதை யாரும் ஒத்துக்கல. மதுரையம்மா கூட, "சின்னப் புள்ளைகளுக்குத் தூக்கமும் வேணும்ல"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாக. ஆச்சிக்குத்தான் ஆறல. தருமம் பண்றது படிக்கிறதுக்கு, குறட்டை விடுறதுக்கு இல்லைன்னாக. தை மாசத்துலேருந்து அரை நாள்தான், மத்தியானச் சோத்தோட எல்லாத்தையும் அனுப்பிரணும்னு அங்கயே முடிவு. டீச்சர் என்னமோ சொல்ல வாயெடுத்தாக. ஆச்சி கையக் காட்டி அடக்கிட்டாக: "தூங்குறதுக்கு எதுக்கு டீச்சர் பள்ளிக்கூடம்? அதை அதுக வீட்டுலயே கத்துக்கிறட்டும்."

தாய்மார் கூட்டம்

அரை நாளுன்னு சொன்னதும் எனக்கு நெஞ்சுல அடிச்சது சின்னப்பொண்ணை நெனச்சுத்தான். ராக்குவோட ஆத்தா. ஆச்சி வீட்டுலதான் ஏனம் வெளக்குறா, தரை தொடைக்கிறா. புள்ளைய இங்க விட்டதுலேருந்து பொழுது சாயிற வரைக்கும் வேலை. வீட்டுல வேற ஆளு இல்ல. பால்வாடி லீவு விட்டா, ஞாயித்துக்கெழமையானா, ராக்குவையும் கூடக் கூட்டிக்கிட்டுப் போவா. அந்த வீட்டுக் கெணத்துக்குச் செவுரு இல்ல, தரையோட தரையா வாயைத் தொறந்துக்கிட்டுக் கெடக்கும். அதுக்குப் பயந்து பழைய சேலைக் கிழிசல்ல ராக்கு காலைப் பின்கட்டுத் தூணுல கட்டிப் போட்டுருவா. கன்னுக்குட்டியக் கட்டுறாப்புல. திங்கக்கெழம அந்தப் புள்ளை வர்றப்ப கணுக்கால்ல செவப்பா வளையம் இருக்கும். நான் தேங்காயெண்ணெ தடவுவேன். டீச்சர் பாத்துட்டு, "பூச்சிக்கடியா?"ன்னாக. ஆமா டீச்சர், பெரிய பூச்சின்னேன். வாரத்துக்கு ஒரு நாளு கட்டுறது இனிமே தெனமும் மத்தியானத்துலேருந்தாம்.

டீச்சரும் சும்மா இருக்கல. தாய்மாருகளுக்குக் கூட்டம் போட்டாக. அரை நாளானாலும் கவலைப்படாதீங்க, வீட்டுல நீங்களே பாடம் நடத்தலாம்னு ஆரம்பிச்சாக. தெனமும் ரெண்டு மணி நேரம் புள்ளையோட தரையில ஒக்காந்து வெளையாடணுமாம், கலர் கலரா காட்டணுமாம், கேள்வி கேட்டா பொறுமையாப் பதில் சொல்லணுமாம். சித்தாளு வேலை பாத்துட்டுச் சுண்ணாம்போட வந்தவளுக எல்லாம் ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்கிட்டாளுக. சின்னப்பொண்ணு கடைசியில நின்னவ, மெதுவா முன்னால வந்தா. அவ அதிகம் பேச மாட்டா. பேசுனா அது அப்படியே நெலத்துல நிக்கும்.

"வெளையாடுறேன் டீச்சர். அந்த ரெண்டு மணி நேரம் ஆச்சி வீட்டு ஏனத்தை நீங்க வந்து வெளக்குறீகளா?"

பாவனை வெளையாட்டு

டீச்சருக்கு அன்னைக்கு ராத்திரி பூரா தூக்கமில்லையாம். மறுநாளு கண்ணு வீங்கி வந்து, ஆச்சிகிட்டப் போயி நின்னு, மத்தியானத்துலயும் புள்ளைக படிக்குதுகன்னு ஒரே ஒரு தடவை காட்டுறேன், பாத்துட்டு முடிவு சொல்லுங்கன்னு கெஞ்சுனாக. ஆச்சி சரின்னாக. தருமத்தைப் பாக்க ஆளு வேணும்ல? நேமத்தான்பட்டியிலேருந்து அவுக சம்பந்தியம்மாவையும் வரச் சொல்லிட்டாக. மருமகளோட ஆத்தா. ரெண்டு பேருக்கும் நாற்காலி, தட்டுல சீப்புச் சீடை, சின்னப்பொண்ணு காப்பிய ஆத்திக்கிட்டு நிக்கிறா.

டீச்சர் என்ன பாடம் வச்சாகன்னா, பாவனை வெளையாட்டு. தெரிஞ்ச ஒரு ஆளைப்போல நடிச்சுக் காட்டணும். வெறுங்கையில யானை செஞ்ச புள்ளைகளுக்கு அது என்ன பெரிய வேலையா? வண்டிக்காரரு மகன் இல்லாத மாட்டை இல்லாத சாட்டையால அடிச்சு ஓட்டுனான். சித்தாளு மக ஒருத்தி இல்லாத சட்டியத் தலையில வச்சுக்கிட்டு இல்லாத சாரத்துல ஏறுனா, நாங்கூட விழுந்துருவாளோன்னு கையை நீட்டிட்டேன். சம்பந்தியம்மா கையத் தட்டுனாக. டீச்சர் மொகத்துல அன்னைக்குத்தான் பல்லைப் பாத்தேன். அடுத்து ராக்கு. "நீ யாரு மாதிரிம்மா?" "ஆச்சி மாதிரி." உமையாள் ஆச்சிக்குப் பூரிப்பு தாங்கல. "வாத்தா, செய்யி, செய்யி"ன்னாக. சின்னப்பொண்ணு கையில டவரா நின்னுருச்சு.

ராக்கு பின்னால கொசுவத்தைச் செருகுனா. இல்லாத கொசுவம். இடுப்புல சாவியத் தட்டுனா. இடது காலை லேசா இழுத்து நாலு எட்டு நடந்தா, அவ்வளவுதான், ஆச்சி எந்திரிச்சு நடக்குறாகளோன்னு நான் நாற்காலியத் திரும்பிப் பாத்தேன். ஒரு தட்டை எடுத்து மூஞ்சிக்கு நேரா புடிச்சா. "ஏண்டி சின்னப்பொண்ணு, இதுல எம்மூஞ்சி தெரியுதாடி? தெரியலைல்ல? திரும்ப வெளக்கு!" ஆச்சி இன்னும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாக. அப்புறம் ராக்கு ஒரு டின்னைத் தொறந்தா, மோந்து பாத்தா, இங்குட்டும் அங்குட்டும் ஒரு பார்வை, கொரலைத் தாழ்த்துனா. "நேமத்தான்பட்டிக்காரி வர்றாளாம். புதுச் சீடைய உள்ள வச்சுப் பூட்டு. போன மாசத்துதைத் தட்டுல கொட்டு. பல்லு இருந்தாத் தின்னுட்டுப் போறா."

சம்பந்தியம்மா வாயில ஒரு சீடைய ஒதுக்கிக் கன்னத்துல ஊற வச்சுக்கிட்டு இருந்தாக. அதை வெரலால எடுத்துத் தட்டுல போட்டாக. டக்குன்னு ஒரு சத்தம். கோவமெல்லாம் படல, நிதானமாத்தான் சொன்னாக: "அதானே பாத்தேன் ஆச்சி. ஒங்க வீட்டுச் சீடைக்கு மட்டும் எப்படி இம்புட்டு ஒறுதின்னு."

ஆச்சி சொன்ன தீர்ப்பு

சம்பந்தியம்மா காரு பொறப்புட்ட பின்னால ஆச்சி திரும்பி வந்தாக பாருங்க, வடக்கயித்தை அறுத்துக்கிட்டுத் தேரு வர்றாப்புல. சின்னப்பொண்ணு ராக்குவத் தன் காலுக்கு நடுவுல மறைச்சு வச்சுக்கிட்டு நிக்கிறா. வேலை போச்சுன்னா மறுநாளு ஒலையில போட அரிசி இல்லாதவ. டீச்சர் தூணைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாக.

"இதை நீங்களா சொல்லிக் குடுத்தீக?"ன்னு டீச்சரக் கேட்டாக. "ஐயோ, இல்லீங்க ஆச்சி! குழந்தைங்க... பாத்துப் பாத்துத்தான் கத்துக்கும்னு... புத்தகத்துல..." "எங்க பாத்துச்சு?" எனக்குத்தான் வாயை மூடத் தெரியாதே. "ஒங்க வீட்டுலதான் ஆச்சி. இங்க தொறந்திருக்கிற நாளெல்லாம் வெறும் மண்ணைத்தான் பெசையுது. லீவு நாளுல ஒங்க பின்கட்டுத் தூணுல கட்டிக் கெடக்குறப்பத்தான் இந்தப் பாடமெல்லாம். தையிலேருந்து அரை நாளு இல்லையா? இனிமே தெனமும் மத்தியானம் அங்குட்டுத்தான் படிக்கும். நல்லா வந்துரும் ஆச்சி, புள்ளைக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி."

ஆச்சி என்னையப் பாத்தாக. ராக்குவப் பாத்தாக. அந்தக் கழுதை ஆத்தா காலுக்கு நடுவுலேருந்து எட்டி, ஆச்சி மூஞ்சி எப்படிப் போகுதுன்னு உன்னிப்பாப் பாத்துக்கிட்டு இருக்கு. அடுத்த நாடகத்துக்குச் சேத்து வைக்கிது. ஆச்சிக்கு அது புரிஞ்சுருச்சு. மூஞ்சிய முந்தானையால மூடிக்கிட்டு, முந்தானைக்குள்ளேருந்தே கத்துனாக: "ஒரு அரை நாளும் கெடையாது! சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் இங்கயே வைங்க. ஞாயித்துக்கெழமையும் பள்ளிக்கூடம் வைங்க. இது எம்வீட்டுப் படி ஏறுச்சுன்னா, ஒங்க ரெண்டு பேரு சீட்டையும் கிழிச்சுப்புடுவேன்!"

ஞாயித்துக்கெழம

அப்படித்தான் எங்களுக்கு ஞாயித்துக்கெழம போச்சு. டீச்சர் திருச்சிக்குப் போயி ஆத்தாளப் பாக்குறது அதோட நின்னுச்சு. வர்ற புள்ளைகளும் நாலோ அஞ்சோதான், அதுல ராக்கு தவறாம ஒண்ணு. டைம் டேபிள்ல ஞாயித்துக்கெழமைக்குக் கட்டமே இல்லாததால டீச்சருக்கு என்ன நடத்துறதுன்னு தெரியல. புள்ளைக பாட்டுக்கு வாசல்ல மண்ணை அள்ளுச்சுக, நெசமான மண்ணு. தண்ணிய ஊத்திச்சுக, அடிச்சுக்கிச்சுக, சேந்துக்கிச்சுக. டீச்சர் கடிகாரத்தைக் கழட்டி வச்சுட்டு, புத்தகத்தை மூஞ்சியில கவுத்துக்கிட்டுப் படுத்துருவாக. ராக்கு கணுக்கால்ல வளையம் மங்கிப் போச்சு. தேங்காயெண்ணெய எந்தலைக்கே தடவிக்கிட்டேன்.

சின்னப்பொண்ணு வேலை போகல. ஆச்சி வீட்டுல அந்தத் தரையத் தொடைக்க அந்தச் சம்பளத்துக்கு வேற எவ வருவா? ஒரு ஞாயித்துக்கெழம சாயந்தரம் புள்ளையக் கூப்புட வந்தவகிட்ட, "என்னத்தா, ஆச்சி திருந்திட்டாகளா? வர்றவுகளுக்குப் புதுச் சீடை வைக்கிறாகளா?"ன்னேன். அவ புள்ளைய இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு, எப்பவும் போல மெதுவாத்தான் சொன்னா: "திருந்திட்டாக ஆயா. இப்ப வீட்டு ஆளு, வந்த ஆளுன்னு பேதமே பாக்குறதில்ல. எல்லாருக்கும் பழசுதான்."

முழுநாள் பால்வாடி எதுக்குன்னு யாராச்சும் கேட்டா, புள்ளைக அறிவு வளரத்தான்னு டீச்சர் இன்னைக்கும் சொல்லுவாக, பெரியவுக வண்டவாளம் வீட்டுக்குள்ளயே கெடக்கத்தான்னு நான் சொல்லுவேன்.